சிவப்புப் பெட்டியில் விழாத ஓட்டு

எங்கள் கடையில் ஒரு சைக்கிள் சக்கரத்துக்குக் கோட்டம் எடுக்க இரண்டு பேர் வேண்டும். மற்ற கடைகளில் ஒருத்தனே உட்கார்ந்து அந்த வேலையை முடித்துவிடுவான். இங்கே என் வீட்டுக்காரர் கம்பியை இறுக்குவார், அவருடைய கூட்டாளி சக்கரத்தைச் சுற்றிவிட்டு ஓரத்தில் சாக்கட்டியைப் பிடிப்பார். ரிம் எந்த இடத்தில் ஒதுங்கி ஓடுகிறதோ அங்கே சாக்கட்டி கோடு போடும். கோடு விழுந்த இடத்தில் இவர் சாவியை வைத்துத் திருப்புவார். வேலை பாதி, வம்பு பாதி.

"மாப்ள, இந்த ரிம்மு உன் தலை மாதிரியே இருக்கு. எவ்வளவு முறுக்குனாலும் ஒரு பக்கமாத்தான் போகுது."

"மச்சான், நீ சக்கரத்த சுத்தவே வேணாம். பக்கத்துல வாய வச்சுப் பேசு, தானா சுத்தும்."

நாங்கள் முஸ்லிம்கள், கூட்டாளி அண்ணன் வேறு மதம். ஆனாலும் அவர் என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். அந்த முறையில்தான் இவருக்கு அவர் மச்சான், அவருக்கு இவர் மாப்ள. கூப்பிட்டுக் கூப்பிட்டு அது நிஜமாகவே ஆகிவிட்டது. சீமைத் துணிக் கடை முன்னால் மறியல் செய்து இரண்டு பேரும் ஒன்றாக ஜெயிலுக்குப் போனார்கள். ஒரே அறையில் இருந்தார்களாம். இரண்டு வீரர்களும் திரும்பி வரும்வரை வாடகைச் சைக்கிளை விட்டதும், பஞ்சர் ஒட்டியதும், பெல் உடைத்துக்கொண்டு வந்த பயல்களிடம் சண்டை போட்டதும் நான்தான். அதற்கு எனக்கு யாரும் மாலை போடவில்லை. போகட்டும்.

சட்டசபைக்குத் தேர்தல் என்று வெள்ளைக்காரன் அறிவித்ததும் கடை அமளிதுமளிப்பட்டது. வருகிறவர் போகிறவர் எல்லாம் காற்றடிக்கிற சாக்கில் நின்று அரசியல் பேசினார்கள். சட்டப்படி முஸ்லிம்களுக்குத் தனி வாக்காளர் பட்டியல், தனி இடம். அந்த இடத்துக்கு முஸ்லிம்தான் நிற்க வேண்டும், முஸ்லிம்தான் ஓட்டுப் போட வேண்டும். மற்ற எல்லோரும் பொதுத் தொகுதி. அதாவது என் வீட்டுக்காரரை உள்ளும் புறமும் தெரிந்த ஒரே மனிதர் கூட்டாளி அண்ணன், ஆனால் அவர் இவருக்கு ஓட்டுப் போட முடியாது. இவரும் அவருக்குப் போட முடியாது. இதைக் கேட்டு நான் சிரித்துவிட்டேன். இவர் சிரிக்கவில்லை.

"இந்த ஏற்பாடு எனக்குப் பிடிக்கல. ஆனா அது வேணும்னு சொல்றவன் பயத்துல சொல்றான். பயந்தவனக் கேலி பண்ணக் கூடாது" என்றார்.

அந்தப் பயத்துக்கு எங்கள் தெருக்களில் ஒரு குரல் இருந்தது. தோல் கிடங்கு வைத்திருந்த பெரிய முதலாளி. எங்கள் சமுதாயத்துக்கென்று இருந்த கட்சியின் சார்பில் அவர்தான் நின்றார். கெட்ட மனுஷன் என்று சொல்ல எனக்கு மனசு வராது. தொழுகை முடிந்து வந்த கூட்டத்தில் அவர் பேசியதை இவர் வீட்டுக்கு வந்து அப்படியே சொன்னார்: "தேசியக் கட்சிக்காரங்க நல்லவங்கதான். நான் ஒண்ணும் தப்பாச் சொல்லல. நாளைக்கு நாற்காலி கைக்கு வந்தப்புறம் நம்மள நினைப்பாங்களா, அதத்தான் கேக்குறேன்."

"நியாயமான கேள்விதானே?" என்றேன்.

"நியாயம்தான். நினைக்க வைக்கத்தான் நான் சட்டசபைக்குப் போகப் பாக்குறேன். வெளிய நின்னு கத்துறதவிட உள்ள உக்காந்து ஞாபகப்படுத்தலாம்ல?"

அவருடைய ஆசை அவ்வளவுதான். தேசியக் கட்சிக்காரராகவும் போக வேண்டும், முஸ்லிமாகவும் போக வேண்டும். இரண்டில் ஒன்றைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டுப் போகச் சொல்லக் கூடாது. ஊரில் ஒருத்தருக்காவது இது பெரிய ஆசையாகப் பட்டிருக்குமா என்று எனக்குத் தெரியாது. எனக்குப் பட்டது.

ஆனால் தேசியக் கட்சியின் கமிட்டிக்கு இவரை நிறுத்தலாமா வேண்டாமா என்றே முடிவு வரவில்லை. மருந்துக்கடை மாடியில் கூடுவார்கள், டீ வரும், கலைவார்கள், மறுபடி கூடுவார்கள். அந்த ஒரு இடத்தை விட்டுக் கொடுத்தால் கிடங்கு முதலாளி பின்னால் நம்மோடு அனுசரணையாக இருப்பார் என்று சிலர். நின்று தோற்றால் அசிங்கம் என்று சிலர். கூட்டாளி அண்ணன்தான் காரியதரிசி. இவருக்காகப் பேசினார். பேசவில்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். ஆனால் பொதுத் தொகுதியில் அவரே வேட்பாளர், அவருக்குத் தலைக்கு மேல் வேலை. இவருடைய விஷயம் தினமும் கடைசிக்குத் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது.

மனுப் போடக் கடைசி நாள் மதியம்தான் கமிட்டியின் கையெழுத்து ஆயிற்று. தாளைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு இவர் மிதித்த மிதியைப் பார்த்தவர்கள் பந்தயம் என்று நினைத்திருப்பார்கள். அதிகாரி வேலை முடிந்து எழுந்திருக்கிற நேரத்தில் போய்ச் சேர்ந்தார். மனுவை வாங்கிக்கொண்டார்கள். நிறம்தான் போய்விட்டது.

நிறம் என்றால், படிக்காதவர்களுக்காக ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு நிறத்தில் பெட்டி. உள்ளே போய், திரைக்குப் பின்னால் வைத்திருக்கிற பெட்டிகளில் பிடித்த ஆளுடைய நிறத்தில் சீட்டைப் போட்டுவிட்டு வர வேண்டும். பெட்டியின் மேல் பேர் கிடையாது. தேசியக் கட்சி மற்ற எல்லாத் தொகுதியிலும் நீலம் கேட்டு வாங்கியிருந்தது. 'நீலப் பெட்டி நம்ம பெட்டி' என்று மதிலெல்லாம் எழுதி, தமுக்கடித்து, பாட்டும் கட்டி ஊரைக் கலக்கிக்கொண்டிருந்தார்கள். எங்கள் தொகுதியில் முதலில் மனுப் போட்டவர் கிடங்கு முதலாளி. மதிலைப் பார்த்துவிட்டு நீலம் கேட்டாரோ, கண்ணுக்கு நன்றாயிருக்கிறதென்று கேட்டாரோ, அவருக்கும் ஆண்டவனுக்கும்தான் வெளிச்சம். கேட்டார், கொடுத்தார்கள். இவருக்கு அதிகாரி வரிசையில் அடுத்த நிறத்தை எடுத்துக் கொடுத்தார். சிவப்பு.

இவர் நேராகக் கடைக்கு வந்து சொன்னார். கூட்டாளி அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார்.

"அடக் கடவுளே! சரி விடு மாப்ள. உன்னைத் தெரியாத ஆளா அந்தத் தெருவுல?"

"என்னைத் தெரியும் மச்சான். பெட்டியத் தெரியணுமே. எங்க பக்கத்துக்கு மட்டும் சிவப்புன்னு தனியா ஒரு நோட்டீஸ் போடலாமா?"

"நீலம்னும் சிவப்புன்னும் ரெண்டு நோட்டீஸ் அடிச்சா ஊரே குழம்பிடும்பா. எல்லா இடத்துலயும் நீலம்தான் போய்க்கிட்டு இருக்கு. கமிட்டி ஒத்துக்காது."

"நீயாவது ஒரு தடவை தெருப் பக்கம் வந்து பேசு."

கூட்டாளி அண்ணன் சாக்கட்டியை உருட்டிக்கொண்டே யோசித்தார். "நான் வந்தா கிடங்குக்காரர் அதையே புடிச்சுக்குவாரு. 'பாத்தியா, அவன் இவங்க கையாளு'ன்னு சொல்லிடுவாரு. நான் ஒதுங்கி இருந்தாத்தான் உனக்கு நல்லது."

அவர் அதை நல்ல மனசோடுதான் சொன்னார். இவரும் நல்ல மனசோடு தலையாட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டுக்கு வந்ததும் கத்தினேன்: "ஒதுங்கி இருந்தா நல்லதா? அவரு ஒரு தரம் வந்து உங்க தோள்ல கையப் போட்டுக்கிட்டு நின்னாப் போதுமே! வாயத் தொறந்து கேளுங்களேன்!"

"ஒரு தடவை கேட்டாச்சு. மச்சான்கிட்ட திருப்பித் திருப்பியா கேப்பாங்க?" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் வாடகைச் சைக்கிளில் ஒன்றை எடுத்து, பார், மட்கார்டு, சீட்டுக்கு அடியில் இருக்கிற ஸ்பிரிங் முதற்கொண்டு சிவப்புப் பெயிண்ட் அடித்தார். அதில் ஏறி எங்கள் தெருக்களைச் சுற்றிச் சுற்றி வந்தார். பிள்ளைகள் பின்னாலேயே ஓடின. பெரியவர்கள், "சைக்கிள் ஷோக்கா இருக்கேப்பா, என்ன வெலை?" என்று கேட்டார்கள். இதற்குள் எவனோ ஒரு குசும்பன் கிளப்பிவிட்டான்: சிவப்பு தபால் பெட்டியின் நிறம், தபால் பெட்டி சர்க்காருடையது, அதனால் சிவப்புப் பெட்டியில் போட்டால் ஓட்டு வெள்ளைக்காரனுக்குப் போய்ச் சேரும். ஜெயிலுக்குப் போன மனுஷனுக்கு இப்படி ஒரு பேர்! நான் சிரித்தேனா அழுதேனா என்று இப்போது நினைவில்லை.

என் தம்பி தையல்காரன். நூல்கண்டைத் தூக்கிக் காட்டினால் எந்தத் துணிக்கு ஒட்டும் என்று தூரத்திலிருந்தே சொல்வான். என் வீட்டுக்காரர் என்றால் அவனுக்கு உயிர். அவர் ஜெயிலுக்குப் போனபோது என்னைவிட அதிகமாக அழுதவன் அவன். தேர்தலுக்கு முந்தைய வாரங்களில் தேசியக் கட்சிக்காக நீலத் துணியில் கொடி தைத்துக் கொடுக்கிற வேலை அவனுக்கு வந்தது. மிஷினை விட்டு எழுந்திருக்கவேயில்லை. கடையெங்கும் நீல நறுக்கு, தலையில் நீலப் பிசிறு. அப்போது எல்லோருக்கும் ஓட்டு கிடையாது. எழுதப் படிக்கத் தெரிந்ததால் அவனுக்கும் ஓட்டு இருந்தது. வீடு என் பேரில் இருந்ததால் எனக்கும் இருந்தது.

"தம்பிகிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா?" என்று கேட்டதற்கு, "சொந்த மச்சான்கிட்ட போய் ஓட்டுக் கேட்டேன்னா சிரிப்பான்" என்றார். ஊரில் எல்லா வாசலையும் தட்டிய மனுஷன் உறவுக்காரர் வாசலை மட்டும் தட்டவில்லை. நம் ஆட்களிடம் போய்க் கேட்பது அவர்களைச் சந்தேகப்படுகிற மாதிரி என்று அவருக்கு ஒரு எண்ணம்.

ஓட்டுப் போடும் நாளன்று கூட்டாளி அண்ணனும் இவரும் ஒரே சைக்கிளில்தான் போனார்கள். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், இவர் மிதிப்பார், அவர் பின்னால் காலைத் தொங்கப் போட்டு உட்காருவார். பள்ளிக்கூடம்தான் சாவடி. ஒரே கேட், உள்ளே இரண்டு வரிசை. இடது பக்கக் கட்டடம் பொதுத் தொகுதி, வலது பக்கம் எங்களுக்கு. கேட்டில் இறங்கி ஒருவர் தோளை ஒருவர் தட்டிவிட்டு ஆளுக்கொரு பக்கமாகப் போனார்கள்.

கேட் ஒன்றுதான், அதனால் அங்கே நின்ற தமுக்கும் ஒன்றுதான். "நீலப் பெட்டி! நம்ம பெட்டி! மறக்காம நீலப் பெட்டி!" கூட்டாளி அண்ணனின் ஆட்கள் தொண்டை கிழியக் கத்தினார்கள். தன் ஓட்டைப் போட்டுவிட்டு வந்து நடுவில் கும்பிட்ட கையோடு அவரே நின்றுகொண்டிருந்தார். இடது பக்கம் போகிறவர்களும் வலது பக்கம் போகிறவர்களும் அதைக் கேட்டுக்கொண்டுதான் உள்ளே நுழைந்தார்கள். கிடங்கு முதலாளியின் ஆட்கள் தொண்டையைக்கூடச் செருமவில்லை. ஓரமாகக் குடைக்கு அடியில் உட்கார்ந்து வெற்றிலை போட்டார்கள். அவர்களுக்கு வேண்டியதை எதிர்க் கட்சியே கத்திக்கொண்டிருந்தது.

நான் உள்ளே போனேன். மூன்றாம் வகுப்பு அறை, பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளியிருந்தார்கள். கரும்பலகையை மறைத்துக் கட்டிய திரைக்குப் பின்னால் இரண்டு தகரப் பெட்டிகள். நீலத்துக்கு இன்னும் பெயிண்ட் வாசனை போகவில்லை. ஊரெல்லாம் பாடிய நிறம் கையை இழுக்கிறது, என்ன செய்ய! விஷயம் தெரிந்த எனக்கே ஒரு நிமிஷம் கை தயங்கியது. சிவப்பில் போட்டேன். சீட்டு தகரத்தின் அடியில் போய் விழுந்த சத்தம்கூடக் கேட்டது. பெட்டி காலியாக இருந்திருக்க வேண்டும்.

திரும்பி வந்து மரத்தடியில் இவர் பக்கத்தில் நின்றேன். தம்பி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, முகமெல்லாம் பல்லாக வந்தான்.

"மச்சான்! நீலப் பெட்டியில நச்சுன்னு போட்டுட்டேன். எனக்கு முன்னாடி போன பீடிக்கடைக்காரரு தடுமாறுனாரு, அவருக்கும் நீலம்தான்னு சொல்லித்தான் உள்ள அனுப்புனேன். நம்ம பயலுக எல்லாருக்கும் சொல்லி வச்சிருக்கேன். நீங்க கவலையே படாதீங்க."

இவர் அவனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கூட்டாளி அண்ணன் கேட்டில் கும்பிட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தார்.

"நல்லதுடா. வா, டீ குடிப்போம்" என்றார்.

"சிவப்பு சைக்கிள்ல சுத்துனாரே, அது எதுக்குன்னுடா நினைச்ச?" என்று பிறகு தம்பியிடம் கேட்டேன். "புதுசா வாங்கியிருக்காரு, அழகுக்கு அடிச்சிருக்காருன்னு நினைச்சேன்கா" என்றான். சொல்லும்போதே அவனுக்குப் புரிந்துவிட்டது. முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு நடுக் கூடத்தில் உட்கார்ந்துவிட்டான். அவனைத் திட்ட வாயெடுத்தவள் அப்படியே நிறுத்திக்கொண்டேன்.

கூட்டாளி அண்ணன் ஜெயித்தார். ஊர் முழுக்க நீலம் ஜெயித்தது, எங்கள் தொகுதியிலும் நீலம்தான் ஜெயித்தது. தேசியக் கட்சியை நேசித்தவர்கள், கிடங்கு முதலாளியை நேசித்தவர்கள், எல்லாருடைய சீட்டும் ஒரே பெட்டிக்குள் கிடந்தது. பிரித்துப் பார்க்க யாரால் முடியும்? சிவப்புப் பெட்டியைக் கவிழ்த்தபோது மேஜைமேல் விழுந்தது ஒரு கைப்பிடி.

முடிவு வந்த அன்று சாயங்காலம் கூட்டாளி அண்ணன் கடைக்கு வந்தார். கழுத்தில் மாலையின் ஈரம் இன்னும் இருந்தது. இவரைக் கட்டிக்கொண்டார். "மாப்ள, நீயும் கூட வந்திருந்தா..." என்றார். அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன். அதோடு நான் சும்மா இருந்திருக்கலாம். எனக்குத்தான் அந்த வழக்கமே கிடையாதே.

"அண்ணே, இவருக்கு ஓட்டு விழாம இல்ல. நீங்க கத்துன கத்துல எல்லாம் நீலத்துல போய் விழுந்துருச்சு. என் கூடப் பிறந்தவனே போட்டுட்டு வந்து நிக்கிறான்" என்றேன்.

பகலெல்லாம் கும்பிட்டு ஓய்ந்துபோன மனுஷன். விளையாட்டாகச் சொல்லிச் சிரிக்க வைக்கலாம் என்றுதான் நினைத்திருப்பார்.

"என்ன தங்கச்சி இது! உங்க ஆளுங்களுக்கு நீலம் எது செவப்பு எதுன்னுகூடவா தெரியாது?"

கடையில் எத்தனையோ வசவு கேட்டிருக்கிறோம். ஒருவர் தாடியை மற்றவர், ஒருவர் நெற்றியை மற்றவர், கிண்டலடிக்காத நாளில்லை. ஆனால் அன்றுவரை அவர் வாயிலிருந்து 'உங்க ஆளுங்க' வந்ததில்லை. 'நம்ம தெரு', 'நம்ம பயலுக', 'நம்ம பள்ளிவாசல் முக்கு' என்றுதான் பேசுவார். அப்படி ஒரு வார்த்தை விழுந்தது அவருக்கே தெரியவில்லை. இவர் லேசாகச் சிரித்து, "நேரமாச்சு மச்சான், ஊர்வலத்துக்குக் காத்துக்கிட்டு இருப்பாங்க" என்று வழியனுப்பி வைத்தார். அவர் போன பிறகு வெகுநேரம் ஒரு காலி ரிம்மைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு என் கோபம் எல்லாம் போய்த் துக்கம் வந்தது. இன்றைக்கும் அந்தத் துக்கம்தான் மிச்சம்.

சட்டசபையில் கிடங்கு முதலாளி பேசியது பத்திரிகையில் வந்தது. இவர் கடையில் உட்கார்ந்து உரக்கப் படித்தார். எங்கள் தெருக்களில் தேசியக் கட்சிக்கு ஆளே கிடையாது, நீலப் பெட்டியும் சிவப்புப் பெட்டியுமே அதற்குச் சாட்சி என்று சொல்லியிருந்தார். அதை மறுத்து யாரும் பேசவில்லை. கூட்டாளி அண்ணனும் அந்தச் சபையில்தான் உட்கார்ந்திருந்தார். என்ன சொல்லி மறுப்பார்? எண்ணிக்கை அப்படித்தானே இருக்கிறது.

அதற்குப் பிறகு அவர் கடைக்கு வருவது குறைந்தது. கூட்டம், பயணம், மனு. இவர் தனியாகவே கோட்டம் எடுக்கப் பழகிக்கொண்டார். இடது கையால் சுற்றுவார், சாக்கட்டியைப் பலகையில் செருகி வைத்துக்கொள்வார். வேலை சுத்தமாகத்தான் வந்தது. கடைதான் சத்தமில்லாமல் போயிற்று. சிவப்பு சைக்கிளை வாடகைக்கு யாரும் கேட்கவில்லை. அது சுவரோரம் நின்றது.

அடுத்த தேர்தல் வந்தபோது கூட்டாளி அண்ணன் ஒரு காலை வேளையில் வந்தார். தலை நரைத்திருந்தது. இவர் சக்கரத்தோடு உட்கார்ந்திருந்தார். அண்ணன் பழைய வழக்கத்தில் எதிரே குந்தி உட்கார்ந்து, பலகையிலிருந்து சாக்கட்டியை உருவி எடுத்து, சக்கரத்தைச் சுற்றிவிட்டார். இவரும் சாவியைக் கையில் எடுத்தார். இரண்டு சுற்று அப்படியே ஓடியது. நான் உள்ளே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மாப்ள, கமிட்டியில முடிவாயிடுச்சு. அந்த இடத்துல இந்தத் தடவை நாம யாரையும் நிறுத்தல" என்றார், சக்கரத்தைப் பார்த்தபடி. "அங்க நமக்கு ஓட்டு இல்லன்னு போன தடவையே பாத்துட்டோம்னு சொல்றாங்க. நான் எவ்வளவோ..."

இவர் கையை வைத்துச் சக்கரத்தை நிறுத்தினார்.

"மச்சான், அன்னிக்கு அந்த நீலப் பெட்டியில கிடந்ததுல எவ்வளவோ உன் ஓட்டுடா. உன் குரலக் கேட்டுப் போட்டது. உனக்குமா தெரியாது?"

"தெரியும் மாப்ள." அவர் சாக்கட்டியை விரல்களில் உருட்டினார். "தெரிஞ்சு என்ன பண்ண? அத இப்ப யார்கிட்ட போய்க் காட்டுறது?"

சாக்கட்டியைப் பழைய இடத்தில் செருகிவிட்டு எழுந்து போனார். இவர் தடுக்கவில்லை. நானும் கூப்பிடவில்லை.

கிடங்கு முதலாளியை எதிர்த்து யாரும் நிற்காததால் எங்கள் தொகுதியில் ஓட்டுப் போடுவதே இல்லை என்றாகிவிட்டது. பொதுத் தொகுதிக்கு மட்டும் ஓட்டு. அன்று காலை தெரு முனையில் தமுக்குச் சத்தம் போய்க்கொண்டிருந்தது. பத்திரிகை படிக்காத, யாரோடும் பேச்சுக் கொடுக்காமல் மிஷினே கதியென்று கிடக்கிற என் தம்பி, குளித்து முழுகி, தலை சீவிக் கடை வாசலில் வந்து நின்றான். மேலே ஒரு புதுச் சட்டை. கழுத்திலிருந்து கை மணிக்கட்டுவரை பளிச்சென்று சிவப்பு. பொத்தானும் சிவப்பு. நூலும் அதே சிவப்பு, தேடிப் பிடித்து வாங்கியிருக்கிறான்.

"இந்தத் தடவை தப்புப் பண்ண மாட்டேன் மச்சான்" என்றான். "உள்ள போனதும் குனிஞ்சு சட்டையப் பாத்துட்டுத்தான் போடுவேன். நம்ம பயலுக நாலஞ்சு பேரும் வெளிய நிக்கிறாங்க, அவங்களுக்கும் தைச்சுக் குடுத்திருக்கேன். கிளம்பலாமா?"

இவர் வெளியே எட்டிப் பார்த்தார். வெயிலில் சிவப்புச் சட்டைகள் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. பீடிக்கடைக்காரரும் ஒன்றைப் போட்டுக்கொண்டு, இறுக்கமாயிருக்கிறதென்று அக்குளைத் தளர்த்திவிட்டுக்கொண்டிருந்தார்.

அவர்களிடம் எப்படிச் சொல்வதென்று இவர் என்னைப் பார்த்தார். என் வாயும் அடைத்துப் போயிற்று.